வக்கீலம்மா கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி

மகளிர் தினம் வந்தால் நம்ம கூட்டங்களில் வழக்கமாகச் சில தலைவிகளின் பெயரைச் சொல்வோம். அந்த வரிசையில் இன்னொரு பெயரையும் சேர்க்கணும்னு ஆசைப்பட்டு இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகக் கோர்ட் கோர்ட்டாக ஏறி இறங்கிய கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி என்ற வக்கீலம்மா அவர்.

1921-ல் நியூ ஹேவன் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் நெவிஸ் தீவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா சமையல்காரர். 12 பிள்ளைகளில் இவர் 9-வது. பள்ளிக்கூடம் முடித்ததும் மேலே படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை.

அப்போது ஊர்ச் சமுதாயக் கூடத்தைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. கறுப்பர்களுக்காகக் கட்டிய கூடத்துக்கு அவங்களே ஏன் வர்றதில்லை என்று பேச்சு. இந்தப் பெண் எழுந்து, நிர்வாகத்தில் எங்க ஆளுங்களுக்கு இடமே இல்லையே, அப்புறம் எப்படி வருவாங்க என்ற பொருளில் பேசிவிட்டார். கூடம் கட்டப் பணம் கொடுத்த கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ என்ற வெள்ளைக்காரரும் அங்கே இருந்தார். அவர் கோபப்படவில்லை, படிப்புச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும்போதே, 1945-ல், துர்குட் மார்ஷல் தலைமையில் உரிமை வழக்குகள் நடத்திய வக்கீல்களோடு சேர்ந்தார். 1949-ல் மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் ஒரு சம்பள வழக்கு. ஒரே வேலைக்கு வெள்ளை ஆசிரியருக்கு ஒரு சம்பளம், கறுப்பு ஆசிரியருக்கு அதைவிடக் குறைவு. கிளாடிஸ் நோயல் பேட்ஸ் என்ற டீச்சரம்மா தன் பெயரில் வழக்குப் போட்டார். அவருக்கும் வேலை போச்சு, கணவருக்கும் போச்சு. கடைசியில் வழக்கும் தோற்றது.

மோட்லி அத்தோடு நின்றுவிடவில்லை. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் தீர்ப்பு வந்த பிரவுன் வழக்கின் முதல் மனுவை எழுதியதில் அவர் கை உண்டு. 1962-ல் ஜேம்ஸ் மெரிடித் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர வழக்காடி ஜெயித்தார். உச்ச நீதிமன்றத்தில் 10 வழக்கு வாதாடி 9-ல் வெற்றி.

1964-ல் வந்த குடிமை உரிமைகள் சட்டம், வேலையில் நிறமோ ஆண் பெண் என்பதோ பார்த்து ஒதுக்கக் கூடாது என்றது. 1966-ல் மோட்லி மத்திய நீதிபதி ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். பெரிய வக்கீல் நிறுவனம் ஒன்று பெண்களை ஒதுக்குகிறது என்ற வழக்கு அவரிடம் வந்தது. நீங்கள் கறுப்பினப் பெண், ஒருபக்கமாக நிற்பீர்கள், விலகுங்கள் என்று 1975-ல் நிறுவனம் கேட்டது. அவர் மறுத்தார். எந்த நீதிபதிக்கும் ஒரு நிறம் உண்டு. ஆணாகவோ பெண்ணாகவோதான் இருப்பார். அதைக் காரணம் காட்டினால் இந்த வழக்கை விசாரிக்க ஒருத்தரும் மிஞ்சமாட்டார் என்பது அவர் வாதம். கடைசியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

2005-ல் மோட்லி காலமானார். ஜெயித்த வழக்குகளைவிட, தோற்ற அந்தச் சம்பள வழக்குதான் என் மனசில் நிற்கிறது. சட்டம் வருவதற்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்ட டீச்சரம்மா அதற்கான விலையைக் கொடுத்தார். நம்ம பக்கமும் களையெடுப்பிலும் கட்டட வேலையிலும் ஆம்பளைக் கூலி வேற, பொம்பளைக் கூலி வேறன்னு இருக்கு. அதைக் கேட்டு மனுப் போடும்போது ஒருத்தியை மட்டும் முன்னால தள்ளிவிட்டு நாம பின்னால நிக்கக் கூடாது. குழுவில் எத்தனை பேரோ அத்தனை கையெழுத்தும் அந்த மனுவில் இருக்கணும்.