சபரும் சபாரியும்

பிழைப்புத் தேடிக் கடல் கடந்து மலாயா வந்த தமிழ் முஸ்லிம்களை அவர்தம் ஊரார் 'சபராளிகள்' என்று அழைப்பது வழக்கம். 'சபர்' என்பது பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல். அதே சொல்தான் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியிற் புகுந்து 'சபாரி' ஆயிற்று. இன்று சபாரி என்றதும் நினைவில் எழுவது, பரந்த புல்வெளியில் மோட்டார் வண்டியிலிருந்து சிங்கத்தையும் யானையையும் காணும் உல்லாசமே. ஏழையின் பிழைப்பும் செல்வரின் பொழுதுபோக்கும் ஒரே வேர்ச் சொல்லில் அடங்கியிருப்பதில் ஒரு சரித்திரம் உண்டு.

1896 முதல் 1901 வரை, மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரை ஆங்கிலேயர் இருப்புப்பாதை அமைத்தனர். அதற்கென ஏறத்தாழ 32,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டனர். பெரும்பாலோர் பஞ்சாபியர். அவர்களுள் சுமார் 2,500 பேர் அங்கேயே மாண்டனர். 1898-ல் சாவோ ஆற்றுக்குப் பாலம் கட்டியவர்களின் கூடாரங்களில் பிடரி மயிரற்ற இரண்டு ஆண் சிங்கங்கள் இரவில் புகுந்து ஆட்களை இழுத்துச் சென்றன. ரயில்வேக் கணக்கின்படி இரையான இந்தியர் 28 பேர்; ஆப்பிரிக்கருக்கோ கணக்கே இல்லை. டிசம்பரில் அச்சிங்கங்களைச் சுட்ட பாட்டர்சன் துரையை உலகம் அறியும். சிங்கத் தோல்கள்கூட 1924-ல் சிக்காகோப் பொருட்காட்சிசாலைக்கு விலைபோயின. இறந்த கூலிகளின் பெயரை எத்தனை பேர் அறிவார்?

பின்னர் வேட்டைக்கார கனவான்கள் வந்தனர். 1909-ல் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் அவர் மகனும் சுட்டு வீழ்த்திய மிருகங்கள் 512. சுட்டுச் சுட்டுக் குறைந்த பிறகே காக்கும் எண்ணம் பிறந்தது. கூலிகள் மாண்ட சாவோ 1948-ல் தேசிய வனமாயிற்று.

ஜொகூரின் கதையும் இதற்கு வெகு தூரமன்று. 1895 முதல் 1959 வரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் பேர்பெற்ற வேட்டைக்காரர். 1928-ல் ஜொகூர் பாருவில் மிருகக்காட்சிசாலை அமைத்தவரும் அவரே. அக்காலத்திற் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் உழைத்த கைகள் நம் முன்னோருடையவை. இருப்பிடம் இழந்த யானையும் புலியும் தோட்டத்தருகே வந்தபோது, துரைக்கு அது வேட்டை. லயத்தில் உறங்கிய தொழிலாளிக்கோ உயிர்ப்பயம்.

எஞ்சிய காடுகளுள் முதன்மையானது எண்டாவ்-ரொம்பின். 1977-ல் பகாங் அரசு அங்கே மரம் வெட்ட அநுமதி தந்தபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. 1985-86-ல் மலாயா இயற்கைக் கழகம் ஆராய்ச்சிப் பயணம் நடத்தி அக்காட்டின் அருமையை வெளிப்படுத்தியது. 1993-ல் ஜொகூர்ப் பகுதி, ஏறத்தாழ 49,000 ஹெக்டர், தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அங்கே ஒருகாலத்தில் உலவிய காண்டாமிருகம் 2019-ல் மலேசிய மண்ணைவிட்டே மறைந்தது. காலந் தாழ்ந்த காவலின் பலன் இதுவே.

அன்பர்களே! ஆப்பிரிக்கா செல்லப் பொருளில்லையே என ஏங்க வேண்டாம். குளுவாங்கிலிருந்து காஹாங் வழியே பேத்தா செல்லலாம். ஆண்டிறுதி மழைக்காலத்தைத் தவிர்க்க வேண்டும். மண்பாதைக்கேற்ற வண்டியும், ஜக்கூன் மக்களுள் ஒருவர் வழிகாட்டியாகவும் அவசியம். புல்வெளியிற் கண் போதும். நம் அடர்காட்டிலோ காதும் பொறுமையும் வேண்டும். அட்டை கடிக்கும், புலி தென்படாது. யானையின் காற்சுவடு கண்டாலே அதைப் பாக்கியமெனக் கொள்க.

வழிகாட்டியின் பெயரைக் கேட்டறிந்து, அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். மிருகத்தைப் பார்க்கச் சென்று மனிதனை மறந்த பழைய சபாரியின் குற்றம் நம்மைச் சாராதிருக்கட்டும்.