தனுஷ்கோடி: ஒரு புகையிரத ஊரின் வாழ்வும் மறைவும்

ஊர்கள் தோன்றுவதற்குக் காரணங்கள் பல. நீர் வளம் கண்டு உழவர் குடியேறிய ஊர்கள் உள. கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த ஊர்கள் உள. கடலையோ வாவியையோ நம்பி மீனவர் அமைத்த ஊர்களும் உள. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரைக் கிராமங்கள் இம்மூன்று காரணங்களையும் ஒருங்கே பெற்றவை. இவற்றின் வேறாய், சென்ற நூற்றாண்டுகளில் தோன்றிய ஊர்வகை ஒன்றுண்டு. இருப்புப் பாதை வந்தமையாலேயே உண்டானவை அவ்வூர்கள். பாதைகள் சந்திக்கும் இடத்தில் சோலார்பேட்டை வளர்ந்தது; இலங்கையில் பொல்காவலையும் மாகோவும் வளர்ந்தன. பாதை முடிந்து கடல் தொடங்குமிடத்தில் வளர்ந்தது தனுஷ்கோடி. இவ்வூர் தன் முழு வாழ்வையும் ஐம்பது ஆண்டுகளில் வாழ்ந்து முடித்தது. அதன் வரலாற்றையும், அங்கு வாழ்ந்த மக்கள் யாவர் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இராமேசுவரத் தீவின் தென்கிழக்கு மூலையில், இரு கடல்களுக்கு நடுவே ஒரு நாக்குப்போல நீண்டுள்ள மணற்றிட்டே தனுஷ்கோடி. ஒருபுறம் பாக்கு நீரிணை. மறுபுறம் மன்னார் வளைகுடா. அமைதியான கடலைப் பெண்கடல் என்றும், அலைமிக்க கடலை ஆண்கடல் என்றும் அங்குள்ளோர் வழங்குவர். தனுசு என்பது வில். கோடி என்பது முனை. இலங்கையினின்று மீண்ட இராமபிரான், வீடணனின் வேண்டுகோட்கிணங்கித் தம் வில்லின் முனையாற் சேதுவை உடைத்த இடம் இதுவென்பது புராண மரபு. வீடணனுக்கு முடிசூட்டிய இடமெனப் போற்றப்படும் கோதண்டராமர் கோயிலும் இத்திட்டின்மீதே உள்ளது. காசி யாத்திரை செய்வோர் சேதுவில் நீராடி, இங்குள்ள மணலைக் காசிக்கு எடுத்துச் செல்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆகவே, இருப்புப் பாதை வருமுன்னரும் இவ்விடம் பெயரற்ற வெளியன்று. ஆயினும் அன்று இதனை நகரென்று கூறுதற்கில்லை. நீராட வந்தோர் நீராடி நீங்கினர். வலைஞர் தம் ஓலைக் குடில்களில் வாழ்ந்தனர்.

தனுஷ்கோடியை நகராக்கியது இலங்கையே எனின் மிகையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டிற் கோப்பியும், பின்னர்த் தேயிலையும் பயிரிடப்பட்டபோது, அத்தோட்டங்களுக்கு வேண்டிய தொழிலாளர் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டனர். தொடக்ககாலத்தில் அவர்கள் தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து வன்னிக் காடுகளினூடாக மாத்தளைவரை கால்நடையாகவே சென்றனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பட்டினியாலும் வழியில் மாண்டோர் பலர். அந்நாளிற் சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே வசதியுடன் பயணஞ் செய்வோர், தூத்துக்குடிவரை புகையிரதத்திலும் அங்கிருந்து கப்பலிலும் செல்வர். இக்கடல்வழி நெடியது. தோட்ட முதலாளிமார், வணிகர், இரு நாட்டு அரசினர் ஆகிய யாவர்க்கும் குறுகிய வழியொன்று வேண்டியிருந்தது. குறுகிய வழியோ சேதுவின் வழிதான்.

இராமர் அணை எனப்படும் மணற்றிட்டுக்களின்மீது பாலங்கள் அமைத்து, இந்தியாவையும் இலங்கையையும் ஒரே இருப்புப் பாதையால் இணைக்கலாமா என்று பொறியியலாளர் ஆராய்ந்ததும் உண்டு. அது கைகூடவில்லை. இரு கரைகளிலும் பாதையை முனைவரை கொணர்ந்து, இடைப்பட்ட ஏறக்குறைய இருபது மைல் கடலைக் கப்பலாற் கடப்பதென முடிவாயிற்று. வாவியின் இரு கரைகளிலும் வீதி வந்து முடிய, அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையே ‘பாதை’ ஓடி அவ்வீதிகளை இணைப்பதை அறிந்தோர்க்கு இவ்வேற்பாடு எளிதில் விளங்கும். மதுரையிலிருந்து மண்டபம்வரை 1902ஆம் ஆண்டிலேயே பாதை போடப்பட்டிருந்தது. மண்டபத்தையும் பாம்பனையும் இணைக்கும் பாலம் 1914ஆம் ஆண்டு பெப்புருவரி 24ஆந் தேதி திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடைய அப்பாலத்தின் நடுவே, கப்பல்கள் செல்லும்பொருட்டு இரு பக்கமும் மேலெழுந்து திறக்கும் பகுதி ஒன்று இருந்தது. அதனைத் தொழிலாளர் கையாலேயே இயக்கித் திறந்தனர். அதே ஆண்டில் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கும் பாதை திறக்கப்பட்டது. 1914ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ‘போட் மெயில்’ எனப் பெயர்பெற்ற வண்டி, தனுஷ்கோடித் துறைக்கு ஓடத் தொடங்கிற்று. கேர்சன், எல்ஜின், ஹார்டிஞ்சு என்னும் மூன்று நீராவிக் கப்பல்கள் தென்னிந்தியப் புகையிரதக் கம்பனிக்காகக் கட்டப்பட்டுக் கடலை இடைவிடாது கடந்தன. சென்னையில் ஒரு சீட்டு வாங்கியவர் அச்சீட்டுடனேயே கொழும்பில் இறங்கலாயிற்று.

இவ்வாறு உருவான ஊரின் மக்கள் யாவர்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு அவர்களை மூன்று தொகுதியாகப் பிரித்து நோக்குதல் வேண்டும்.

முதலாவது தொகுதியினர் உத்தியோகத்தாற் கொண்டுவரப்பட்டோர். நிலைய அதிபர், இயந்திரம் ஓட்டுவோர், பாதை பராமரிப்போர், சுங்க அதிகாரிகள், துறைமுகப் பணியாளர், தபாற் கந்தோர் அலுவலர் ஆகியோர் இத்தொகுதியில் அடங்குவர். இவர்களுக்கென வீடுகளும் வைத்தியசாலையும் பாடசாலையும் கிறித்தவ ஆலயமும் எழுந்தன. இவர்களை அடுத்துச் சுமை தூக்குவோரும் கடைக்காரரும் உணவுச்சாலை நடத்துவோரும் வந்தனர். இவர்கள் அனைவரும் பிறவூரிற் பிறந்து, தொழில் நிமித்தம் மணலில் வந்து வாழ்ந்தோராவர்.

இரண்டாவது தொகுதியினர் கடந்து சென்றோர். யாத்திரிகரும் வணிகரும் இத்தொகுதியிற் சேர்வராயினும், தொகையாலும் துயராலும் முதன்மை பெறுவோர் தோட்டத் தொழிலாளரே. மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் அவர்கள் நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டு, தொற்றுநோய் இல்லையென மருத்துவர் கண்ட பின்னரே கப்பலேற விடப்பட்டனர். பிறந்த மண்ணை அவர்கள் இறுதியாக மிதித்த இடம் தனுஷ்கோடித் துறை. அவர்களிற் பலர் மீண்டும் அதனைக் கண்டிலர். குடிசன மதிப்பு ஓர் ஊரில் வசிப்போரையே அவ்வூரார் எனக் கணக்கிடும். கடந்து செல்வோரை அங்ஙனம் கணக்கிடாது. ஆயின் தனுஷ்கோடியைப் பொறுத்தமட்டில், வசித்தோர் அனைவரும் கடந்து சென்றோர் பொருட்டே அங்கு வசித்தனர். கணக்கிற் சேராத மக்களே கணக்கிற் சேர்ந்த மக்களுக்குச் சோறளித்தனர் என்பது இவ்வூரின் வரலாற்றில் மறத்தற்கரிய உண்மையாகும்.

மூன்றாவது தொகுதியினர் மீனவர். இவர்களுக்குப் புகையிரதம் ஒரு வசதியேயன்றி வாழ்வின் அடிப்படையன்று. மீனை விரைவில் வெளியூர்க்கு அனுப்ப அது உதவிற்று. அஃது இல்லாதிருந்தாலும் கடல் இருந்தது. மணலைத் தோண்டினால் ஊறும் நன்னீரும் இருந்தது.

ஊரின் அழிவு ஓரிரவில் நிகழ்ந்தது எனப் பொதுவாகக் கூறுவர். ஆழ்ந்து நோக்கின், அதன் உயிர்நிலை அதற்கும் கால்நூற்றாண்டுக்கு முன்னரே தளரத் தொடங்கிவிட்டமை புலனாகும். 1939ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், தேர்ச்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது. 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதனைத் தொடர்ந்து வந்த குடிவரவுக் கட்டுப்பாடுகளால், ஒரே வீட்டின் இரு அறைகள் போன்றிருந்த இரு கரைகளும் இரு நாடுகளாயின. செல்வர் வானூர்தியிற் செல்லத் தலைப்பட்டனர். கப்பல் ஓடிற்று, ஆயின் அதனை நிறைத்த பெருங்கூட்டம் குன்றிற்று.

1964ஆம் ஆண்டு ஒற்றோபர் 30ஆந் தேதி சிறிமா – சாத்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்படி, நாடற்ற 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேர் நிலையைப் பின்னர்த் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. முன்னோரை அனுப்பிவைத்த துறையே பேரரை வரவேற்கும் துறையாகவும் அமையவிருந்தது. அதற்கு இரண்டு மாதமும் கழியுமுன் துறையே இல்லாதொழிந்தது.

அவ்வாண்டு திசம்பர் மாத நடுப்பகுதியில் அந்தமான் கடற்பரப்பில் உருவாகிய புயல், இலங்கையின் வடகிழக்கைத் தாக்கி, பாக்கு நீரிணையை நோக்கி நகர்ந்தது. 22ஆந் தேதி நள்ளிரவை அண்மி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் இலக்கப் பயணிகள் வண்டி, ஊரை அடைவதற்குச் சிறிது தூரம் இருக்கையிற் பேரலையால் மூடப்பட்டது. அதில் 110 பயணிகளும் 5 ஊழியரும் இருந்தனர் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு; தொகை அதனினும் மிகுதி என்பாரும் உளர். ஒருவரும் உயிர் தப்பவில்லை. 23ஆந் தேதி விடிந்தபோது நிலையமும் துறையும் குடியிருப்பும் சிதைந்து கிடந்தன. மறுகரையில் தலைமன்னார்த் துறையும் சேதமுற்றது. தனுஷ்கோடி மக்கள் வாழ்வதற்குத் தகுதியற்ற இடமெனச் சென்னை அரசாங்கம் அறிவித்தது. கோதண்டராமர் கோயில் மட்டும் பெருஞ்சேதமின்றி நின்றது.

இவ்விடத்து ஒரு வினா எழுகின்றது. அதே புயல் பாம்பன் பாலத்தையும் விட்டுவைக்கவில்லை. திறந்து மூடும் நடுப்பகுதி தப்பியதாயினும், ஏனைய 145 கண்களில் 126 கண்களின் உத்தரங்கள் கடலில் வீழ்ந்தன. எனினும் இளம் பொறியியலாளராயிருந்த ஈ. சிறீதரன் பொறுப்பில், கடலில் வீழ்ந்த உத்தரங்களே மீட்டெடுக்கப்பட்டு, 46 நாட்களிற் பாலம் மீண்டும் எழுந்தது. பாலத்தை 46 நாளில் எழுப்ப வல்லார்க்கு, மணலின்மேற் சில மைல் பாதையை மீண்டும் போடுதல் அரிய செயலாகுமா? ஆகாது. பாலத்தின் அப்பால் இராமேசுவரம் இருந்தது; இராமநாதசுவாமி கோயிலும், அங்கு வரும் யாத்திரிகரும், நிலையான மக்களும் இருந்தனர். தனுஷ்கோடிப் பாதையின் அப்பால் ஆளற்ற கப்பற்றுறையே இருந்தது. அக்கப்பலும் பின்னர் இராமேசுவரத்திலிருந்தே விடப்பட்டது. ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியோரை ‘இராமானுசம்’ என்னும் கப்பல் இராமேசுவரத்தில் இறக்கிற்று. 1980களில் இலங்கையிற் போர் மூண்டபின் அச்சேவையும் நின்றது. எனவே ஊரை வீழ்த்தியது புயலாயினும், வீழ்ந்த ஊர் எழாதிருந்தமைக்குப் புயல் காரணமன்று; ஊரை ஆக்கிய காரணம் அற்றுப்போனமையே காரணம்.

இம்முடிவை மட்டக்களப்பின் வரலாறும் வலியுறுத்தும். புளியந்தீவில் 1628ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கோட்டை அமைத்தனர். புகையிரதம் வந்ததோ 1928ஆம் ஆண்டில். ஊர் முந்தியது, பாதை பிந்தியது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் தேதி வீசிய சூறாவளி இப்பிரதேசத்தின் தென்னைகளை முறித்து, வீடுகளின் கூரைகளைப் பெயர்த்து, நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை நாவலடி முதலிய கரைகளைத் துடைத்துச் சென்றது. போர்க்காலத்திற் புகையிரதம் பல ஆண்டுகள் ஓடவில்லை. இத்தனைக்கும் பின்னர் இம்மக்கள் இம்மண்ணிலேயே வாழ்கின்றனர். படுவான்கரையில் வயல் இருக்கின்றது. வாவியில் மீன் இருக்கின்றது. ஊர்தோறும் கோயிற் சடங்கும் குடிமுறையும் இருக்கின்றன. தனுஷ்கோடியும் எழுவான்கரையும் நீர்களுக்கிடைப்பட்ட ஒடுங்கிய நிலங்களே. புயல் இரண்டையும் ஒப்பவே நடத்திற்று. அவற்றை வேறுபடுத்தியது மண்ணன்று. மக்களுக்கும் மண்ணுக்குமுள்ள தொடர்பே.

தனுஷ்கோடியிலேயே இதற்குச் சான்றுண்டு. உத்தியோகத்தர் மாற்றலாகினர், கடைக்காரர் வேற்றூர் புகுந்தனர், கடந்து செல்வோர் வேறு வழி கண்டனர். மீனவரோ திரும்பி வந்தனர். வாழத் தகாத இடமென்ற அறிவிப்பின் பின்னும், மின்சாரமோ வீதியோ இன்றிப் பல பத்தாண்டுகள் அவர்கள் அம்மணலில் ஓலைக் குடில் அமைத்து வாழ்ந்தனர். தொகுதி மூன்றனுள் மிக எளியதே எஞ்சி நின்றது.

அண்மைக் காலத்திற் சில மாறுதல்கள் நிகழ்ந்துள்ளன. 2015ஆம் ஆண்டு தலைமன்னார்த் துறைக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. எதிர்கொள்ளக் கப்பல் இல்லை. 2017ஆம் ஆண்டு அரிச்சல்முனைவரை நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. இடிந்த ஆலயச் சுவரையும் நிலையத்தின் எச்சத்தையும் காணச் சுற்றுலாப் பயணிகள் திரள்கின்றனர். 2019ஆம் ஆண்டு இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் புதுப்பாதை போட அடிக்கல் நாட்டப்பட்டது; பாதை போடப்படவில்லை. 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியால் இலங்கையைவிட்டு நீங்கிய தமிழர் சிலர், இரவிற் படகேறி, அரிச்சல்முனையை அடுத்த மணற்றிட்டுக்களில் இறக்கிவிடப்பட்டு, மண்டபம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நூறாண்டுக்கு முன் வயிற்றுப் பசி மக்களை மண்டபத்திலிருந்து கிழக்கே அனுப்பிற்று. அதே பசி அன்று அவர்களை மேற்கே அனுப்பிற்று. துறை இல்லை, வண்டி இல்லை, சீட்டு இல்லை. கடப்போர் மட்டும் இருந்தனர்.

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அங்கு எழுந்த கட்டடங்களையும் ஓடிய வண்டிகளையும் கணக்கிடுவதோடு அமைதல் போதாது. அங்கு வந்தோர் எதன்பொருட்டு வந்தனர், நின்றோர் எதனைப் பற்றி நின்றனர் என்பதையும் ஆராய்தல் வேண்டும். அங்ஙனம் ஆராயுமிடத்து, தனுஷ்கோடியின் வரலாறு ஒரு புயலின் கதையாக முடியாது. அத்துறையில் மூட்டையுடன் நின்று கப்பலுக்குக் காத்திருந்து, ஊர்க்கணக்கில் இடம்பெறாமலே கடலைக் கடந்த ஏழைத் தொழிலாளரின் வரலாறாகவும் அது விரியும்.