மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்கள்: யாழ்ப்பாணத்துப் பழைய கார்களின் வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பதினைந்து ஆண்டுகளில் இங்கிலாந்திலிருந்து கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கிய சிறிய குடும்பக் கார்களுள் ஒரு பகுதி, அவற்றைச் செய்த தொழிற்சாலைகள் அந்த மாதிரிகளைக் கைவிட்டு முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளில் அன்றாட உழைப்பில் இருந்தது. 2002இல் உள்நாட்டுப் போரின் போர்நிறுத்தத்தை அடுத்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது, தெற்கிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தவர்கள் பலர் இக்கார்களைக் கண்டு, காலம் நின்றுபோன ஊருக்கு வந்துவிட்டதாக வியந்தனர். அந்த வியப்பில் ஒரு பெரிய உழைப்பு மறைந்துபோகிறது. கார்கள் அங்கே தாமாகத் தங்கிவிடவில்லை. இறக்குமதித் தடையும் போரும் பொருளாதாரத் தடையும் ஒன்றன்பின் ஒன்றாக வழியடைத்தபோது, சிறிய கராஜ்களில் வேலை செய்த மெக்கானிக்குகள் அவற்றை ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் செய்து ஓடவைத்தனர்.

இரண்டாம் உலகப் போரினால் கடனாளியாகிய பிரித்தானியா, அந்நியச் செலாவணி ஈட்டுவதற்காகக் கார் ஏற்றுமதியை முன்னிறுத்தி, நிறுவனங்களுக்குக் கிடைக்கும் உருக்கின் அளவையே அவற்றின் ஏற்றுமதியோடு பிணைத்தது. அதன் பயனாக 1950 அளவில் உலகிலேயே மிகுதியாகக் கார் ஏற்றுமதி செய்யும் நாடாக அது விளங்கியது. இடப்புறமாக வாகனம் ஓட்டும் வழக்குடைய இலங்கைக்கு, வலப்புறச் சுக்கான் கொண்ட பிரித்தானியக் கார்கள் எவ்வித மாற்றமுமின்றிப் பொருந்தின. கொரியப் போரையொட்டி றப்பர் விலை உயர்ந்த ஆண்டுகளில் நாட்டின் கையில் செலாவணியும் இருந்தது. பேர்மிங்காமை அடுத்த லோங்பிரிட்ஜில் செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ30, ஏ40 சோமர்செற், கேம்பிரிட்ஜ் ஆகியவையும், ஒக்ஸ்போட்டின் கௌலியில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகியவையும் யாழ்ப்பாணத்து வைத்தியர், சட்டத்தரணிகள், மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பியோர் ஆகியோரின் வீட்டு முற்றங்களை வந்தடைந்தன. ஒஸ்ரினும் மொறிஸும் 1952இல் ஒரே நிறுவனமாக இணைந்தமையால் பிற்காலத்தில் இரண்டு பெயரிலும் ஒரே வகை என்ஜின்கள் வந்தன. உதிரிப்பாகம் தேடியோருக்கு இது பெரும் உதவியாயிற்று.

இவற்றுள் இரண்டு கார்களின் அமைப்பு அறியத்தக்கது. 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட சோமர்செற், பாரவண்டியைப் போலத் தனியான இரும்புச் சட்டகத்தின்மேல் உடலைப் பொருத்திய கார். 1,200 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுடைய அதன் என்ஜின் மெதுவானது, ஆனால் பாரம் இழுக்கக்கூடியது. கியர் மாற்றும் தண்டு சுக்கானுக்குக் கீழே அமைந்திருந்ததால் முன்னிருக்கை ஒரே நீண்ட வாங்குபோல இருந்தது. அதில் மூவர் அமரலாம் என்பதே பின்னாளில் அதை வாடகைக் காரோட்டிகள் விரும்பியதற்கு ஒரு காரணம் எனலாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளியான மொறிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை. உடலின் தகடுகளே பாரத்தைத் தாங்கின. ஆதலால் கடற்காற்றில் சோமர்செற்றின் தகடு துருப்பிடித்தால் தோற்றம் கெட்டது; மைனரின் அடித்தகடு துருப்பிடித்தால் காரின் முதுகெலும்பே கெட்டது.

1950களின் இறுதியில் செலாவணி கரைந்து, 1960களின் தொடக்கத்தில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டதோடு, கார் என்னும் பொருளின் இயல்பே மாறிவிட்டது. புதிது வராத நாட்டில் பழையது விலை இறங்குவதில்லை. காணியையும் நகையையும்போல அதுவும் சொத்தாகிக் கைமாறியது. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சிக் காலத்தில் கட்டுப்பாடு மேலும் இறுகியபோது, இருபது ஆண்டு ஓடிய காரை வாங்குவதும் ஆராய்ந்து செய்யவேண்டிய கொடுக்கல் வாங்கலாக இருந்தது. காரின் வயதை இலக்கத் தகடே ஓரளவு சொல்லியது: பழையவற்றில் ஆங்கில எழுத்துகள் இருக்க, 1957இலிருந்து பதிவானவற்றில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இடம்பெற்றது. அவ்வெழுத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நடத்திய போராட்டமும் அதன் தொடர்ச்சியான கசப்பும் இலங்கை அரசியல் வரலாற்றின் பகுதி. ஒரு காரின் தகட்டில் ஒரு நாட்டின் பிளவு எழுதப்பட்டிருந்தது என்பதை இவ்விடத்தில் மறந்துவிடலாகாது.

வாங்குவோர் அழைத்துவந்த மெக்கானிக் பார்க்கவேண்டியவை என்ஜினைச் சுற்றியே தொடங்கின. முன்புறத் துளையில் கைப்பிடிக் கம்பியைச் செருகி என்ஜினை மெல்லச் சுழற்றினால், நான்கு சிலிண்டர்களும் ஒவ்வொன்றாகக் காற்றை அமுக்கும்போது கையில் எதிர்ப்புத் தெரியும். அவற்றுள் ஒன்று தளர்ந்து வழிவிட்டால் அந்தச் சிலிண்டரின் வால்வோ பிஸ்டன் றிங்கோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். பின்குழாயில் நீலப் புகை வந்தால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. முன்சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அசைந்தால், சில்லைத் திருப்புவதற்குத் தாங்கியாக நிற்கும் கிங்பின் தேய்ந்திருக்கும். மைனரில் அவ்விடத்தில் புரிகொண்ட ஓர் இணைப்பு இருந்தது. தவறாமல் கிறீஸ் ஏற்றாவிட்டால் புரி தேய்ந்து, ஓடும்போதே சில்லு மடிந்துவிடும் ஆபத்து உண்டு. எனவே கிறீஸ் காய்ந்த முனைகளை உடைய மைனர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதன் சொந்தக்காரர் காரைப் பேணியவர் அல்லர் என்று கொள்ளலாம்.

வாங்கியபின் பேணுவது இக்கார்களின் எளிமையால் இயன்றது. காபரேற்றர், அதாவது எரிபொருளைக் காற்றோடு கலந்து அனுப்பும் கருவி, ஒரு திருகாணி முடுக்கியாலும் சில சாவிகளாலும் முழுமையாகக் கழற்றக்கூடியது. சிலிண்டரின் தலைப்பகுதியைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, வால்வின் விளிம்பில் அரைபசை தடவி, அது அமரும் வளையத்தின்மேல் வைத்து இரு உள்ளங்கைகளுக்கிடையே கோலை உருட்டி, விளிம்பு முழுவதும் ஒரே மங்கிய சாம்பல் நிறக் கோடு தோன்றும்வரை அரைப்பது ஒரு நாள் வேலை. இணைப்புகளுக்கிடையே வைக்கும் அட்டைக்கு அச்சு தேவையில்லை. தடித்த தாளை உலோகத்தின்மேல் விரித்துச் சுத்தியலின் உருண்ட முனையால் விளிம்பெல்லாம் தட்டினால் தாள் அவ்வடிவிலேயே வெட்டுப்படும். குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடே வருவதால் றேடியேற்றரின் குழாய்களில் படிவு சேர்ந்து என்ஜின் கொதிப்பது அங்கே எதிர்பார்க்கவேண்டிய கோளாறு. மறுபுறம், மேடு பள்ளமில்லாத நிலம் என்ஜினுக்கும் பிறேக்குக்கும் இரக்கம் காட்டியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு யப்பானியக் கார்கள் பெருகியதன் பின்னர், தெற்கில் இந்தக் கைத்திறனின் தேவை குறையத் தொடங்கியது. வடக்கிலோ போர் அதற்கு வேறொரு வேலையை வைத்திருந்தது.

1990 யூனில் அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டு, அதைத் தொடர்ந்து புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகம் ஆகியவை தடைப்பட்டன, மின்சாரமும் இல்லை. கிடைத்த மண்ணெண்ணெயும் விளக்குக்கும் நீர் இறைப்பதற்கும் போதாத அளவினது, விலையும் எட்டாதது. இந்நிலையில்தான் பழைய ஒஸ்ரின்களின் குறையொன்று நிறையாயிற்று. மண்ணெண்ணெய் பெற்றோலைவிடக் கடினமாக ஆவியாவது. மிகுதியாக அமுக்கப்பட்டால் தீப்பொறியின் நேரத்துக்கு முன்பின்னாகத் தானே வெடித்து என்ஜினைத் தட்டவைப்பது. சோமர்செற்றின் என்ஜின் கலவையைத் தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக மட்டுமே அமுக்கியதால், அந்தத் தட்டலை ஓரளவு தாங்கிற்று. அதைவிட இறுக்கமாக அமுக்கும் பிற்கால என்ஜின்களுக்கு அது எளிதன்று. குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் பற்றாது என்பதற்கும் வழி காணப்பட்டது: சிறிய பிளாஸ்ரிக் போத்தலில் பொன்போலப் பேணிய பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் சில துளிகள் பீச்சி என்ஜினைக் கிளப்பி, அது சூடேறும்வரை விட்டுவிட்டுப் பீச்சி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். பற்றரி வலுவிழந்திருந்தால் கைப்பிடிக் கம்பி இருந்தது. பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறும் இதே முறையை இங்கிலாந்தின் பேர்குசன் உழவு இயந்திரங்கள் தொழிற்சாலை அமைப்பிலேயே கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்தில் அதற்கான பாகம் எதுவுமின்றி அது கையால் செய்யப்பட்டது.

இதற்கு என்ஜின் கொடுத்த விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே கசிந்து அடித்தொட்டியிலுள்ள எண்ணெயை நீர்க்கச் செய்தது. நீர்த்த எண்ணெய் தாங்கிகளைத் தின்றது. பிளக்குகளில் கரி படிந்தது, பின்குழாயில் வெண்புகையும் கண்ணை உறுத்தும் நெடியும் வந்தன. மண்ணெண்ணெயோடு தாவர எண்ணெயைக் கலந்து ஓடியவர்களும் உண்டு. இத்தனைக்கும் நடுவே நோயாளியையும் பிரசவ வேதனைப்பட்டவளையும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசேர்த்த வாகனங்களுள் இக்கார்களும் இருந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் இராணுவம் யாழ்ப்பாண நகரை நெருங்கியதால், நகரை உள்ளடக்கிய வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் கிழக்கேயுள்ள தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, பெரும்பாலோர் நடந்தும் சைக்கிளிலும் சென்ற அந்த நெரிசலில், ஓடக்கூடிய வாகனம் எதுவாயினும் அதன் மதிப்பு அளவிட முடியாததாக இருந்தது. தொழில்நுட்ப வரலாறு பொதுவாகக் கண்டுபிடித்தவர்களின் பெயரையே பதிவுசெய்கிறது; இந்த ஆண்டுகளில் காபரேற்றரையும் எரிபொருளையும் கையால் சோதித்துச் சோதித்து வழிகண்டவர்களும் அந்த வரலாற்றில் இடம்பெற வேண்டியவர்களே.

1996இல் குடாநாடு அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தபின் பெற்றோல் மெல்ல மெல்லத் திரும்பியது. 2006 ஓகஸ்ரில் ஏ9 மீண்டும் மூடப்பட்டபோது தட்டுப்பாடும் திரும்பியது. 2009இல் போர் முடிந்து வீதி நிலையாகத் திறந்த பின்னர் முச்சக்கர வண்டிகளும் யப்பானிய, இந்தியக் கார்களும் பெருகவே, ஒஸ்ரின் வாடகைக் கார்களின் வருவாய் சுருங்கிற்று. அதே வேளையில், பழங்கார்களைச் சேகரிப்போருக்கு அவை அரும்பொருளாகிவிட்டமையால், இன்று ஒரு சோமர்செற்றின் விலையைத் தீர்மானிப்பது அதன் என்ஜின் ஓடுமா என்பதைவிட, விளக்குச் சட்டம், கதவுப்பிடி, முகப்புச் சின்னம் ஆகியவை தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கின்றனவா என்பதாகும். தடைக்காலத்தில் கையால் வெட்டிப் பொருத்திய பாகங்கள் இத்தகைய மதிப்பீட்டில் குறைகளாகவே எண்ணப்பட்டு, மெருகூட்டும்போது முதலில் கழற்றி எறியப்படுகின்றன.