சாயமேற்றிய சூரிய மின்கலம்

சாயமேற்றிய சூரிய மின்கலம் என்பது, ஒளியை உறிஞ்சும் சாயம் ஒன்றின் துணைகொண்டு மின்னாற்றலை உண்டாக்கும் மெல்லேட்டு மின்கலம் ஆகும். இதன் இன்றைய வடிவத்துக்கு அடிப்படையான ஆய்வை மைக்கேல் கிரேட்செல், பிரையன் ஓ'ரீகன் ஆகியோர் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எனவே இது கிரேட்செல் மின்கலம் என்றும் அழைக்கப்படுகிறது.

செயல்படும் முறை

வெள்ளை வண்ணப்பூச்சுகளில் பயன்படும் தைட்டானியம் டைஆக்சைடின் நுண்துளைப் படலத்தின் மீது சாயம் ஏற்றப்படுகிறது. ஒளி பட்டதும் சாயம் எலக்ட்ரானை அப்படலத்துக்கு அளிக்கிறது. இழந்த எலக்ட்ரானை, துளைகளை நிரப்பியிருக்கும் அயோடைடு மின்பகுளி ஈடுசெய்கிறது. தாவரங்களின் ஒளிச்சேர்க்கையோடு இது அடிக்கடி ஒப்பிடப்படுகிறது.

ஒளி மாறுபாட்டின் விளைவு

சூரிய மின்கலங்களின் திறன் சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியிலும் 25 பாகை செல்சியசு வெப்பநிலையிலும் அளக்கப்படுவது வழக்கம். 1991 ஆய்வில், செயற்கைச் சூரிய ஒளியில் 7.1 முதல் 7.9 விழுக்காடு வரை இருந்த திறன், விரவிய பகலொளியில் 12 விழுக்காடாக இருந்தது.

இதற்குக் காரணங்கள் பல. கடும் வெயிலில் மின்னோட்டம் மிகுவதால் கடத்துகண்ணாடியின் மின்தடையால் ஏற்படும் இழப்பு பெருகுகிறது. துளைகளுக்குள் அயோடின் அயனிகள் நகரும் வேகமும் போதாமல் போகலாம். ஒளி மங்கும்போது இவ்விரு தடைகளும் தளர்கின்றன. மின்னழுத்தம் மடக்கை விதிப்படி சிறிதளவே குறைகிறது. மேலும், விரவிய ஒளியில் அகச்சிவப்புப் பங்கு குறைவு. சாயமோ கட்புலனாகும் ஒளியையே பெரிதும் உறிஞ்சுவது. பல திசைகளிலிருந்து சாய்வாக வரும் ஒளியையும் நுண்துளைப் படலம் நன்கு ஏற்கிறது.

திறன் கூடுவதை மின்சாரம் கூடுவதாகக் கொள்ளக்கூடாது. எடுத்துக்காட்டாக, 1000 வாட் வெயிலில் 7.5 விழுக்காடு என்பது 75 வாட். 100 வாட் மேகமூட்ட ஒளியில் 12 விழுக்காடு என்பது 12 வாட் மட்டுமே. அறையொளியில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. 2017 இல் செப்புச் சேர்ம மின்பகுளி கொண்ட கலம் ஒன்று 1000 லக்சு ஒளியில் 28.9 விழுக்காடு திறனை எட்டியது. ஆயினும் சதுர மீட்டருக்குக் கிடைப்பது ஒரு வாட்டுக்கும் குறைவே. சிறு உணரிகளுக்கு அது போதும், மின்விசிறிக்குப் போதாது.

வெயிலால் வரும் கேடு

புறஊதா ஒளி பட்டால் தைட்டானியம் டைஆக்சைடு ஒளிவினையூக்கியாக மாறித் தன் மீதுள்ள சாயத்தையே சிதைக்கக்கூடும். இதனால் புறஊதா வடிகட்டிகள் பொருத்தப்படுகின்றன. மின்பகுளியில் கரைப்பானாகப் பயன்படும் அசிட்டோநைட்ரைல் 82 பாகையில் கொதிப்பது. வெயிலில் கலம் சூடேறும்போது ஓரங்களின் அடைப்பு தளர்ந்தால் அது ஆவியாகி வெளியேறிவிடும்.

சூழல் நோக்கு

இக்கலத்தைச் செய்ய, சிலிக்கான் கலத்துக்குத் தேவைப்படும் மிகு வெப்பம் வேண்டியதில்லை. எனினும் முதன்மைச் சாயங்களில் உள்ள ருத்தேனியம் அரிய உலோகம் என்பதால், இதனை முற்றிலும் பசுமையானது எனல் மிகை. செம்பருத்தி, மங்குசுத்தான் போன்றவற்றின் இயற்கைச் சாயங்களும் ஆராயப்பட்டன. அவற்றின் திறன் பெரும்பாலும் மிகக் குறைவு.

பயன்பாடு

லோசான் நகரில் 2014 இல் திறக்கப்பட்ட சுவிசுடெக் மாநாட்டு மையத்தின் மேற்குச் சுவரில் சுமார் 300 சதுர மீட்டர் பரப்பில் வண்ணக் கிரேட்செல் பலகைகள் பொருத்தப்பட்டன. மின்சாரம் தருவதோடு, மாலை வெயில் நேரடியாக உள்ளே புகாமலும் அவை தடுக்கின்றன.