விருந்து வைத்தவரின் கணக்கு



நீதிமொழிகள் 23ஆம் அதிகாரத்தில் 6 முதல் 8 வரையுள்ள வசனங்களை இன்று வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். கஞ்சன் ஒருவன் விருந்துக்கு அழைக்கிறான். வாய் நிறைய உபசரிக்கிறான். மனத்துக்குள் ஒவ்வொரு கவளத்துக்கும் விலை போடுகிறான். அந்தப் பந்தியில் உட்காராதே என்கிறார் ஞானி. சீராக்கின் ஞானம் 20ஆம் அதிகாரமும் இன்று கொடுத்து நாளையே திருப்பிக் கேட்பவனைப் பற்றி எச்சரிக்கிறது. சாப்பாட்டு விஷயம்தானே என்று நாம் இவற்றைக் கடந்துவிடுகிறோம். ஆனால் ஓர் அரசே இப்படிப்பட்ட பந்தியில் உட்கார்ந்தது. அந்தக் கதையில் நம் நூம்பலைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் பங்கு உண்டு.

ஆற்காட்டு நவாப் பட்டத்துக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதிய காலம் அது. ஆங்கிலேயக் கம்பெனி முகமது அலிக்குத் துணை நின்றது. அந்த உதவிக்காக 1750 வாக்கில் அவர் பூந்தமல்லிச் சீமையைக் கம்பெனிக்குக் கொடுத்தார். 1763இல் செங்கல்பட்டுச் சீமையும் ஜாகீராகப் போயிற்று. அதோடு தீர்ந்ததா? போர்ச் செலவும் நவாபின் கணக்கிலேயே எழுதப்பட்டது.

அதைக் கட்ட அவரிடம் பணம் இல்லை. அப்போது கடன் கொடுக்க முன்வந்தவர்கள் யார் தெரியுமா? அதே கம்பெனியின் ஊழியர்கள்! கம்பெனியின் பெயரில் பாக்கியைக் கேட்டவர்களே சொந்தப் பெயரில் நண்பர்களாக வந்து கடன் கொடுத்தார்கள். வட்டி ஆண்டுக்கு 20, 25 சதவீதம். ஊர்களிலிருந்து வரவேண்டிய வரிதான் அடமானம். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் நவாப். வட்டியைச் சுமந்தவர் ஏர் பிடித்தவர்.

இவர்களில் பெயர்போனவர் பால் பென்ஃபீல்டு. கம்பெனியில் அவருடைய சம்பளம் சொற்பம். 1773இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாப் தஞ்சாவூரைப் பிடித்தார். 1776இல் சென்னை ஆளுநர் பிகட் பிரபு தஞ்சையை மன்னர் துளஜாவிடமே திருப்பிக் கொடுத்தார். உடனே பென்ஃபீல்டு கணக்கோடு வந்தார்: தஞ்சை வருவாயின்மேல் 1,62,000 பவுண்டு, வயலில் இருந்த விளைச்சலின்மேல் 72,000 பவுண்டு தனக்கு வரவேண்டும் என்றார். பிகட் ஏற்க மறுத்தார். ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையோர் பென்ஃபீல்டு பக்கம் சாய்ந்து, அந்த ஆகஸ்டு மாதம் ஆளுநரையே கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் காவலிலேயே அவர் இறந்துபோனார். பிகட்டும் புனிதர் அல்ல. தமக்கும் செல்வம் சேர்த்தவர்தான். ஆனாலும் அந்த ஒரு கணக்கை அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். முன்பு நான் இருந்த ஒரு பங்கில் தேர்த்திருவிழாச் செலவு முழுவதையும் ஒருவர் ஏற்றுக்கொண்டார். நானும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டேன். அடுத்த ஆறு மாதம், பங்குப் பேரவையில் அவருக்குப் பிடிக்காத எதையும் என்னால் வாய்திறந்து பேச முடியவில்லை. அவர் ஒரு வார்த்தைகூட மிரட்டவில்லை, நானே அடங்கிப்போனேன். திருப்பி அழைக்க வசதியில்லாத ஏழைகளை விருந்துக்கு அழையுங்கள் என்று லூக்கா 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வதை அதுவரை பணக்காரர்களுக்கான போதனை என்றே பிரசங்கித்து வந்தேன். வாங்குகிறவனும் அதைப் படிக்கவேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது.

நவாபின் கடன் வளர்ந்துகொண்டே போனது. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் இலண்டன் நாடாளுமன்றத்தில் இந்தக் கடன்களைக் கிழித்துப் பேசினார், பலன் இல்லை. 1795இல் முகமது அலி இறந்தார். 1801இல் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. பிறகு கடன் பத்திரங்களை விசாரிக்கக் குழு அமைத்தார்கள். வந்து குவிந்த உரிமைக் கோரிக்கைகளில் பெரும்பகுதி செல்லாதவை என்று தள்ளப்பட்டன. ஏர் பிடித்தவர் கட்டிய வரியை அவருக்குத் திருப்பிக் கொடுக்க எந்தக் குழுவும் அமைக்கப்படவில்லை.

அடுத்தமுறை மெரினாவுக்குப் போகும்போது, பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள சேப்பாக்கம் மாளிகையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1768இல் நவாபுக்காக எழுந்த அந்த அரண்மனையைக் கட்டிக்கொடுத்தவர் பென்ஃபீல்டுதான் என்பார்கள். 1855இல் நவாப் பட்டமே ஒழிக்கப்பட்டபின், கடனுக்காக அது ஏலத்துக்கு வந்தது. வாங்கியது ஆங்கிலேய அரசு.