குஞ்சமும் ஓய்வு நாளும்: யூத மார்க்கத்தின் இரு நினைவூட்டல்கள்

'அஸ்ஹாபுஸ் ஸப்த்' எனும் சனிக்கிழமைக்காரர்கள் பற்றித் திருக்குர்ஆனில் (4:47) ஓதுகிறோம். கடலோர ஊரில் மீன்பிடித்து வரம்பு மீறியவர்களின் வரலாற்றையும் (7:163) பயான்களில் கேட்டிருக்கிறோம். ஆனால், அந்த நாளை யூதர்கள் எப்படிப் பேணுகிறார்கள், அதில் என்ன பொருள் காண்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர்களது வேதத்தின் எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தில், ஓய்வு நாளில் விறகு பொறுக்கியவர் தண்டிக்கப்பட்ட செய்தி வருகிறது. அதையடுத்து உடனே, ஆடையின் மூலைகளில் குஞ்சம் கட்டும் கட்டளை வருகிறது. மறந்ததால் பாவம் நேர்ந்தது. எனவே, கண்ணில் படும்படி ஒரு நினைவூட்டல் தரப்பட்டது என்று யூத அறிஞர்கள் சிலர் விளக்குகின்றனர்.

குஞ்சம் (ட்ஸிட்ஸித்)

நான்கு மூலைகள் கொண்ட ஆடையில், ஒவ்வொரு மூலையிலும் எட்டு நூல் முனைகளும் ஐந்து முடிச்சுகளும் இருக்கும். 'ட்ஸிட்ஸித்' என்ற சொல்லின் எழுத்து மதிப்பு 600. நாம் அறிந்த அப்ஜத் கணக்கைப் போன்றது இது. எட்டையும் ஐந்தையும் கூட்டினால் 613. தவ்ராத்தின் கட்டளைகள் என அவர்கள் எண்ணும் தொகை அதுவே. முற்காலத்தில் ஒரு நூல் நீலமாக இருந்தது. நீலம் கடலையும், கடல் வானத்தையும், வானம் அர்ஷையும் நினைவூட்டும் என்கிறது தல்மூத். அந்தச் சாயம் செய்யும் முறை பிற்காலத்தில் மறைந்துபோனதால், இன்று பெரும்பாலோர் வெள்ளை நூலே கட்டுகின்றனர்.

ஓய்வு நாள் (ஷப்பாத்)

வெள்ளி சூரியன் மறையுமுன் வீட்டில் விளக்கேற்றுவார்கள். சனி இரவு நட்சத்திரங்கள் தோன்றும்வரை 39 வகை வேலைகள் விலக்கப்பட்டவை. தீ மூட்டுவதும் எழுதுவதும் அவற்றில் அடங்கும். உயிருக்கு ஆபத்து என்றால் தடை விலகிவிடும். இதற்கு அவர்கள் வேதம் இரண்டு காரணங்கள் கூறுகிறது: ஒன்று, ஆறு நாட்களில் நடந்த படைப்பு. மற்றொன்று, எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து கிடைத்த விடுதலை. ஆகவே பணியாளுக்கும் கால்நடைக்கும்கூட அன்று ஓய்வு உண்டு.

நமது நிலை

படைத்ததால் அல்லாஹ்வுக்குக் களைப்பு ஏற்படவில்லை (50:38) என்பது நமது நம்பிக்கை. நமக்கு ஜும்ஆ முழுநாள் ஓய்வு அல்ல. அழைப்பு வந்ததும் வியாபாரத்தை நிறுத்துகிறோம். தொழுகை முடிந்ததும் அவனது அருளைத் தேடிப் பரவிச் செல்கிறோம் (62:9-10).

ஆனாலும் ஒரு கேள்வி நமக்கும் உண்டு. ஜும்ஆ பாங்கு ஒலித்த பின்னும் நமது கடைக் கதவு திறந்தே இருந்தால், சனிக்கிழமைக்காரர்களின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எந்த முகத்தோடு சொல்வோம்?

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.