மின்னோட்டமா, மின்னழுத்தமா? எம்.ஜி.பி. காரின் இரண்டு ஆர்.பி.எம். மீட்டர்கள்

செகந்திராபாத்தின் போவன்பள்ளி வழியாக நாக்பூர் நோக்கிப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஓடும் இன்றைய காரில் ஆர்.பி.எம். மீட்டர் பழுதானால், மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்ப்பார். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் அதைச் செருக இடமில்லை. ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் பழுது பிடிபடும். எம்.ஜி.பி. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான, நான்கு சிலிண்டர் கொண்ட 1,798 சி.சி. கார் அது. 1960களின் நடுவில் அதில் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி.ஐ. மீட்டர் இருந்தது, 1970களின் தொடக்கத்தில் ஆர்.வி.சி. மீட்டர் வந்தது. முகப்பின் அடியில் பொடி எழுத்தில் அந்தக் குறியீடு இருக்கும். சோதனையைத் தொடங்கும் முன் அதைப் படித்துவிட வேண்டும்.

இரண்டும் எண்ணுவது ஒன்றையே. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு பொறிகள். 3,000 சுற்றில் நொடிக்கு 100. எண்ணும் வழிதான் வேறு. ஆர்.வி.ஐ. மின்னோட்டத்தைப் பார்க்கிறது: இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போகும் வெள்ளை ஒயரே மீட்டரின் பின்புறம் ஒரு வளையமாகச் சுற்றிச் செல்கிறது. காண்டாக்ட் பாயிண்ட் திறக்கும்போதெல்லாம் அந்த ஓட்டம் அறுபடுவதை மீட்டர் உணர்கிறது. ஆர்.வி.சி. மின்னழுத்தத்தைப் பார்க்கிறது: காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையிலிருந்து தனி ஒயர் ஒன்று மீட்டருக்கு வருகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அங்கே எழும் சில நூறு வோல்ட் துடிப்பே அதற்குச் செய்தி.

பழுதை எங்கே தேடுவது என்பதை இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது. ஆர்.வி.ஐ.யில் வளையம் காயிலுக்குப் போகும் மின்பாதையின் ஒரு பகுதி. அது அறுந்தால் எஞ்சினும் நின்றுவிடும். எஞ்சின் சீராக ஓடி முள் மட்டும் அசையாவிட்டால், வளையத்தில் ஓட்டம் இருக்கிறது என்று பொருள். அப்போது மீட்டருக்கு வரும் 12 வோல்ட், எர்த், வளையம் சுற்றிய திசை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆர்.வி.சி.யில் செய்தி ஒயர் அறுந்தால் முள் மட்டும் விழும், எஞ்சின் ஓடும். ஆனால் அதே ஒயர் தோல் உரிந்து பாடியில் பட்டால், பாயிண்ட் எப்போதும் மூடியிருப்பது போலாகிப் பொறி நின்றுவிடும். கார் ஸ்டார்ட் ஆகாதபோது அந்த ஒயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு முயன்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. அநாவசியமாகக் காயிலை மாற்றும் செலவு மிச்சம்.

மாற்றங்களை ஆர்.வி.ஐ. எளிதில் பொறுக்காது. அதிக மின்தடை உள்ள காயில் மாட்டினால் ஓட்டம் குறைந்து மீட்டர் தடுமாறலாம். பாயிண்டை எடுத்துவிட்டு மின்னணு இக்னிஷன் பொருத்தினாலும் முள் துள்ளலாம், அல்லது படுத்துவிடலாம். 1967 வரை வந்த எம்.ஜி.பி.யில் பாசிட்டிவ் எர்த்; அதை நெகட்டிவுக்கு மாற்றுவோர் மீட்டரின் உள்ளிணைப்பையும் வளையத்தின் திசையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆர்.வி.சி.க்கு இத்தகைய தொல்லை குறைவு.

முள் அசைந்தும் தவறான எண்ணைக் காட்டினால் இரண்டுக்கும் ஒரே உரைகல். ஹெர்ட்ஸ் அளக்கும், அந்த உயர் துடிப்பைத் தாங்கும் மல்டிமீட்டரைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையில் வைத்து, வரும் எண்ணை 30ஆல் பெருக்க வேண்டும். 50 என்றால் 1,500 சுற்று. முள்ளின் எண் சீரான விகிதத்தில் விலகினால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் பழைய கெப்பாசிட்டரின் மதிப்பு மாறியிருக்கும். அதைப் புதுப்பித்துச் சரிக்கட்டலாம். மீட்டரையே மாற்ற வேண்டியதில்லை.

இன்னொன்றிலும் இரண்டும் ஒன்றுபடுகின்றன. கியரில் ஓடும்போது எஞ்சின் திடீரென அணைந்தால் முள்ளைப் பாருங்கள். சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கையில் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், கோளாறு காயிலுக்கு வரும் மின்சாரம், பாயிண்ட், கண்டன்சர் ஆகியவற்றின் பக்கம். வேகத்தோடு மெல்ல இறங்கினால் பெட்ரோலையோ உயரழுத்த ஒயர்களையோ சந்தேகிக்கலாம்.

பழுது பார்க்க எளிது ஆர்.வி.சி.தான், புதிய காயிலோ மின்னணு இக்னிஷனோ விரும்புவோருக்கும் அதுவே பொருத்தம். ஆனால் கார் ஆலையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்குமானால், ஆர்.வி.ஐ.யைக் கழற்றி எறிவதற்கு நியாயமில்லை. எம்.ஜி.பி.யில் உள்ள லூகாஸ் வகைக் காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் நமக்குப் புதியவை அல்ல. சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் 1960களிலேயே வந்துவிட்டது. பாயிண்ட் வைத்த கார்களில் கைதேர்ந்த மூத்த ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் செகந்திராபாத்திலும் இருக்கிறார்கள். டெஸ்ட் லாம்ப், மல்டிமீட்டர், ஒயரிங் படம் மூன்றையும் அவர்களிடம் கொடுத்து, மீட்டர் எந்த வகை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒயரைச் சோதித்து முடிக்கும் முன் மீட்டரைத் திறக்க யாரையும் அனுமதிக்கக் கூடாது.